ஓடித் தேஞ்ச பழைய பிரிட்டிஷ் பைக்கை விக்கிறது எப்படி: பிஎஸ்ஏ ஏ10-ஐ வச்சு ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்துல கராஜ் மூலைல நிக்கிற, நல்லா ஓட்டின, பெயிண்ட் தேஞ்ச, அங்கங்க ஆயில் கசியுற ஒரு பழைய பிரிட்டிஷ் பைக்கை விக்கப் போறவங்களுக்கு இது. ரெஸ்டோர் பண்ணி கண்ணாடி மாதிரி வச்சிருக்கிற வண்டி தானா வித்துரும், அதுக்கு யாரோட உதவியும் வேணாம். உதாரணத்துக்கு பிஎஸ்ஏ ஏ10 கோல்டன் ஃப்ளாஷை எடுத்துக்கிறேன், பர்மிங்காம் ஸ்மால் ஹீத் ஃபேக்டரில செஞ்ச 650 சிசி ட்வின் (ரெண்டு சிலிண்டர் வண்டி), இங்க நம்ம நண்பர்கள் வட்டத்துல அதிகமா கை மாறினதும் அதுதான். ட்ரையம்ஃப், நார்ட்டன், மேட்ச்லஸ், ரெட்டிச்ல செஞ்ச பழைய ராயல் என்ஃபீல்டு எதுவா இருந்தாலும் வேலையோட வரிசை இதேதான்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பாக்க வர்றவர் மனசுல வர்ற ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவர் விலைல ஒரு துண்டு வெட்டுவார். தேஞ்ச பெயிண்டுக்கு அவர் அவ்ளோ வெட்ட மாட்டார், பதில் இல்லாத கேள்விக்குத்தான் வெட்டுவார். புதுசா விக்கிறவங்க எல்லாரும் பாலிஷ் டப்பாவோட ஆரம்பிச்சு, ஆள் வாசல்ல வந்து நின்னதுக்கு அப்புறம் பேப்பரைத் தேடுறாங்க. அதைத் தலைகீழா பண்ணணும்.

கைல இருக்க வேண்டியது: வி5சி லாக்புக் (வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர்), பழைய எம்ஓடி (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு பாக்குற டெஸ்ட்) சீட்டுங்க, பில்லுங்க, நல்ல டார்ச், வைட் ஸ்பிரிட், பழந்துணி, ஆயில் பிடிக்க ட்ரே, விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பானர் செட், கொஞ்சம் புது பெட்ரோல். மெட்ரிக் ஸ்பானரை வச்சு இந்த வண்டில எதையும் தொடாதீங்க, நட்டோட முனை உருண்டு போச்சுன்னா பாக்க வர்றவர் கண்ணு நேரா அங்கதான் போகும்.

1. முதல்ல பேப்பர்

வி5சியை எடுத்து வண்டி பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா ஒத்துப் பாருங்க. பேரு, அட்ரஸ், கலர், சிசி, எஞ்சின் நம்பர், ஃப்ரேம் நம்பர். வீடு மாறி அட்ரஸை மாத்தாம விட்டவங்க நிறைய பேர். எப்பவோ எஞ்சின் மாத்தினது லாக்புக்ல ஏறாமலே இருக்கும், இல்ல வண்டிக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சு இருபது வருஷம் ஆயிருக்கும், லாக்புக்ல இன்னும் பீஜ்னு இருக்கும். இதெல்லாம் டிவிஎல்ஏக்கு (வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் பாக்குற அரசு ஆபீஸ்) எழுதி சரி பண்ண வாரக்கணக்குல ஆகும், அதனாலதான் இதை முதல் வேலைன்னு சொல்றேன். விளம்பரம் போட்டதுக்கு அப்புறம் இதைக் கண்டுபிடிச்சா வாங்க வந்தவர் காத்திருக்க மாட்டார்.

லாக்புக் தொலைஞ்சு போச்சுன்னா வேற வாங்க வழி இருக்கு, அதுக்கு 25 பவுண்டு கட்டணம். "லாக்புக் இல்ல, வாங்குறவரே வாங்கிக்கட்டும்"னு விக்கிறது ரொம்பப் பெரிய நஷ்டம், 25 பவுண்டு மிச்சம் பண்ணப் போய் நூறு நூறா விட்டுருவீங்க. லாக்புக் இல்லாத வண்டின்னா திருட்டு வண்டியோன்னுதான் முதல் நினைப்பு வரும்.

இன்னொண்ணு, வி5சி ஓனர்ஷிப்புக்கு சாட்சி கிடையாது. அது ரிஜிஸ்டர்டு கீப்பர், அதாவது வண்டி யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு மட்டும்தான் சொல்லும், அந்த டாக்குமென்ட்லயே அப்படி அச்சடிச்சிருக்கு. அதனால நீங்க வாங்கினப்ப கொடுத்த ரசீதைத் தேடி எடுங்க. அப்பாவோ மாமனாரோ விட்டுட்டுப் போன வண்டின்னா உயில் சம்பந்தப்பட்ட பேப்பரும் வேணும், வாரிசுங்க எல்லாரும் சம்மதிச்சாங்களான்னு முன்னாடியே பேசி முடிச்சுருங்க.

டாக்ஸ், எம்ஓடி விஷயம் சுருக்கமா: 40 வருஷத்துக்கு மேல ஆன வண்டி ஹிஸ்டாரிக் கிளாஸ்ல வரும், ரோடு டாக்ஸ் சைபர். ஆனா சைபர்னாலும் வருஷா வருஷம் டாக்ஸ் எடுத்தாகணும், இது பல பேருக்குத் தெரியாது. எம்ஓடி 2018 மே 20ல இருந்து 40 வருஷம் தாண்டின வண்டிக்கு தேவையில்ல, கடைசி 30 வருஷத்துல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. தேவையில்லன்னாலும் விக்கிறதுக்கு முன்னாடி ஒரு எம்ஓடி எடுத்துருங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்லுவேன். வேற யாரோ ஒருத்தர் பிரேக்கையும் வீல் பேரிங்கையும் பாத்துட்டு பாஸ்னு போட்ட சீட்டு, நீங்க நாலு பக்கம் எழுதுற விளம்பரத்தை விட அதிகமா பேசும்.

2. நம்பரைப் படிங்க, ஆனா தேய்க்காதீங்க

ஏ10ல எஞ்சின் நம்பர் இடது பக்க கிராங்க்கேஸ்ல சிலிண்டர் அடில இருக்கும், ஃப்ரேம் நம்பர் ஸ்டியரிங் ஹெட் பக்கம் இல்ல முன் டியூப்ல இருக்கும். பல வருஷ கிரீஸ் மூடியிருக்கும். வைட் ஸ்பிரிட்ல நனைச்ச துணியால மெதுவா தொடைங்க, டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா எழுத்து நிழலோட தெரியும், அப்ப போட்டோ எடுங்க. வயர் பிரஷ், எமரி பேப்பர், கிரைண்டர் எதுவும் கிட்டயே வரக் கூடாது. நம்பரைச் சுத்தி உலோகம் பளபளன்னு இருந்தா, அது நீங்க நல்லெண்ணத்துல தேய்ச்சதா இருந்தாலும், பாக்குறவருக்கு "நம்பரை மாத்திட்டாங்க"ன்னுதான் தோணும். அதுக்கப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.

இங்கதான் புதுசா வர்றவங்க அதிகமா பதறுறாங்க. எஞ்சின்ல டிஏ10னு ஆரம்பிக்குது, ஃப்ரேம்ல ஜிஏ7னு ஆரம்பிக்குது, ஐயோ இது ஏ7 (பிஎஸ்ஏவோட இன்னொரு ட்வின் மாடல்) ஃப்ரேம்ல ஏ10 எஞ்சினைத் திணிச்ச வண்டியா? இல்லைங்க. பின்னாடி ஸ்விங்கிங் ஆர்ம் (பின் வீலைத் தாங்கி மேல கீழ ஆடுற சஸ்பென்ஷன் கை) வந்ததுக்கு அப்புறம் ஏ7க்கும் ஏ10க்கும் ஒரே ஃப்ரேம்தான், அதுல ஏ7னுதான் குத்துவாங்க. டிஏ10 எஞ்சினும் ஜிஏ7 ஃப்ரேமும் சேர்ந்து வர்றது ரொம்ப சாதாரணம். அதே மாதிரி அந்தக் காலத்து பிஎஸ்ஏல எஞ்சின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒண்ணா இருக்கவே இருக்காது, ரெண்டும் தனித்தனி வரிசை. ட்ரையம்ஃப்ல அப்படி இல்ல, ரெண்டும் ஒரே நம்பரா ஃபேக்டரியை விட்டு வரும். ட்ரையம்ஃப் வாங்கிப் பழகினவர் உங்க பிஎஸ்ஏவைப் பாத்துட்டு "மேட்ச்சிங் நம்பர் இல்லையே"ன்னு விலையைக் குறைக்கப் பாப்பார். தெரிஞ்சுக்கிட்டே சிலர் இந்த ஆட்டம் ஆடுறதும் உண்டு.

அதுக்கு மருந்து ஃபேக்டரி டெஸ்பாட்ச் ரெக்கார்டு. வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் கிட்ட பிஎஸ்ஏ, ட்ரையம்ஃப் ரெக்கார்டுங்க இருக்கு, கட்டணம் கட்டினா இந்த எஞ்சினும் இந்த ஃப்ரேமும் சேர்ந்துதான் வெளிய போச்சா, எப்ப, எந்த டீலருக்குன்னு பாத்து எழுதிக் கொடுப்பாங்க. சேர்ந்து போகலன்னு வந்தாலும் பரவால்ல, அதையே விளம்பரத்துல எழுதுங்க. ஓட்டித் தேஞ்ச வண்டில எஞ்சின் மாறியிருக்கிறது சகஜம், மறைச்சாத்தான் பிரச்சினை.

ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரையும் பாருங்க. வண்டி பொறந்தப்ப வந்த நம்பரே இன்னும் இருந்தா நல்ல விலை. பழைய ரெக்கார்டைக் காட்டி நம்பரை மீட்டிருந்தா லாக்புக்ல அதை வேற வண்டிக்கு மாத்த முடியாதுன்னு போட்டிருக்கும், அது பாதகம் இல்ல, வண்டியும் நம்பரும் பிரியாதுன்னு சொல்லி விக்கலாம். நம்பரைக் கழட்டி தனியா விக்கலாமான்னு கேப்பீங்க. விக்கலாம், ஆனா வண்டியோட விலை இறங்கும், அதுவும் விக்கிறதுக்கு முன்னாடியே பண்ணியாகணும். வண்டி கை மாறிட்டா நம்பரும் கூடவே போயிடும்.

3. எதை சரி பண்ணணும், எதை விடணும்

பெயிண்ட் அடிக்காதீங்க. குரோம் போடாதீங்க. சீட் கவர் மாத்தாதீங்க. அந்தத் தேஞ்ச ஒரிஜினல் பெயிண்டுக்குன்னே தேடி வர்ற ஆளுங்க இருக்காங்க, அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பெயிண்டராலயும் முடியாது. எஞ்சினையும் விக்கிறதுக்காகப் பிரிக்காதீங்க, ரீபில்டுக்குப் போட்ட காசு விலைல திரும்ப வராது, புது எஞ்சின்னு சொன்னா "யார் பண்ணது, ரன்னிங் இன் ஆச்சா"ன்னு புதுக் கேள்விதான் வரும்.

சின்ன வேலைங்க வேற கதை. அறுந்து போற நிலைல இருக்கிற கிளட்ச் கேபிள், எரியாத பல்ப், அடிக்காத ஹாரன், செத்த பேட்டரி, இதெல்லாம் மாத்துங்க. மொத்தமா பாத்தா சின்னச் செலவு, ஆனா பாக்க வர்றவர் ஒரு சுவிட்சைத் தட்டி லைட் எரியலன்னா அடுத்து மொத்த வயரிங்கையும் சந்தேகப்படுவார். டயர்ல பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பதினைஞ்சு வருஷப் பழசுன்னா பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் கல்லா ஆயிருக்கும். மாத்தலாம், இல்ல மாத்தணும்னு விளம்பரத்துல எழுதி அதை விலைலயே கழிச்சுக்கலாம்.

கழுவுறதும் அளவாத்தான். மண்ணும் பழைய செயின் கிரீஸும் போகட்டும். பிரஷர் வாஷர் வேணாம், மேக்னெட்டோக்குள்ள (பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் தர்ற கருவி) தண்ணி போச்சுன்னா ஸ்டார்ட் ஆகுற வண்டியை நீங்களே கெடுத்த மாதிரி ஆயிடும். கசியுற எஞ்சினை பாக்க வர்ற அன்னைக்குக் காலைல தொடைச்சு வைக்கிறதும் தப்பு, ஓடினதும் எப்படியும் தெரியப் போகுது. எங்க கசியுதுன்னு நீங்களே விரலை வச்சுக் காட்டிருங்க.

ஸ்பேர் பெட்டியைத் திறங்க. கழட்டி வச்ச பழைய கார்ப்பரேட்டர், உடைஞ்ச ஸ்மித்ஸ் ஸ்பீடோ, ஒரு பக்க பேனல், எதையும் தூக்கிப் போடாதீங்க, தனித்தனியாவும் விக்காதீங்க. வண்டியோட சேர்த்து வச்சா பேரம் இழுக்குறப்ப கடைசில தூக்கிப் போடுற சீட்டு அதுதான்.

4. ஸ்டார்ட் பண்ற வேலையை முன்னாடியே முடிங்க

மாசக்கணக்கா நின்ன வண்டியை ஆள் வர்ற அன்னைக்குத்தான் உதைச்சுப் பாக்குறாங்க சில பேர். வேணாம். ரெண்டு வாரம் முன்னாடி இதைச் செய்ங்க.

பழைய பெட்ரோலை முழுசா இறக்குங்க. 2021 செப்டம்பர்ல இருந்து இங்க சாதாரண பெட்ரோல் ஈ10 ஆயிடுச்சு, அதுல எத்தனால் கூட, பழைய ரப்பர் சீலையும் பைப்பையும் அது கெடுக்கும். சூப்பர் பம்ப்ல ஈ5 போடுங்க. ஃப்ளோட் பவுலைக் கழட்டிப் பாத்தா அடில பச்சையா பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், அதையும் சுத்தம் பண்ணிருங்க.

அடுத்தது வெட் சம்பிங், நிறைய பேர் மாட்டுற இடம். இந்த வண்டில ஆயில் தனி டேங்க்ல இருக்கும், ரொம்ப நாள் நின்னா பம்ப் வழியா மெதுவா இறங்கி கிராங்க்கேஸ்ல தேங்கிடும். டேங்க்கைத் திறந்து பாத்தா ஆயில் பாதிக்குக் கீழ இருக்கும், அய்யோ குறைஞ்சு போச்சேன்னு மேல ஊத்துவாங்க, ஸ்டார்ட் பண்ணினதும் அடில இருந்ததெல்லாம் மேல ஏறி டேங்க் நிரம்பி பின் டயர் மேல வழியும், சைலன்சர்ல பொகை தெருவையே மூடும். முதல்ல கிராங்க்கேஸ் அடில நாலு நட்டுல இருக்கிற சம்ப் பிளேட்டைக் கழட்டி ட்ரேல இறக்குங்க, சல்லடையைக் கழுவிப் போடுங்க, அப்புறம் டேங்க்ல அளவுக்கு ஊத்துங்க. என்ன கிரேடு ஆயில்னு ஒரு சீட்டுல எழுதி வைங்க, விவரம் தெரிஞ்சவர் கட்டாயம் கேப்பார்.

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து உள்ள டார்ச் அடிங்க. ரிட்டர்ன் பைப்ல ஆயில் துப்பித் துப்பி, காத்தோட கலந்து வரணும். ஒரே சீரா வராது, வரவும் கூடாது, கொண்டுவர்ற பம்ப் அனுப்புற பம்ப்பை விடப் பெருசுங்கறதால அப்படித்தான் வரும். வர்றவருக்கு இதைக் காட்டுங்க. ஏ10ல கிராங்க் ஒரு பக்கம் வெறும் புஷ்ல சுத்துது, ஆயில் பிரஷர் போச்சுன்னா அதுதான் முதல்ல அடிவாங்கும், அதனால ஆயில் ஓட்டத்தைக் கண்ணால பாக்குறது அவருக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் இருபது நிமிஷம் ஓட்டிட்டு வந்து, நிறுத்தி, அஞ்சு நிமிஷம் விட்டு, சூட்டோடயே திரும்ப உதைங்க. லூகாஸ் மேக்னெட்டோ உள்ள இருக்கிற கண்டென்சர் வயசானா குளிர்ல ஒரே உதைல ஸ்டார்ட் ஆகும், சூடாச்சுன்னா செத்துப் போகும். அப்படி இருந்தா ரெண்டே வழி, மேக்னெட்டோவை ரிப்பேருக்கு அனுப்புங்க, இல்ல சொல்லி விலையைக் குறைங்க. மறைக்க முடியாது. விஷயம் தெரிஞ்ச எவரும் சூடான எஞ்சினைத் திரும்ப உதைக்காம காசு கொடுக்க மாட்டார்.

5. விலை

கேக்குற விலையைப் பாக்காதீங்க, வித்த விலையைப் பாருங்க. ஈபேல முடிஞ்ச விற்பனையை மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு. போன்ஹாம்ஸ் மாதிரி ஏலக்காரங்க முடிவை வெளியிடுவாங்க, ஆனா அதுல போடுற தொகை வாங்கினவர் கட்டுற பிரீமியத்தையும் சேர்த்தது, வித்தவர் கைக்கு வந்தது அதுல இருந்து பிரீமியமும் கமிஷனும் போக மிச்சம்தான். இதைக் கவனிக்காம ஏல விலையைச் சொல்லிக்கிட்டு மாசக்கணக்கா வண்டியை வச்சிருக்கிறவங்க உண்டு.

உங்க வண்டி மாதிரியே ஓட்டித் தேஞ்ச நாலஞ்சு வண்டி என்ன விலைக்குப் போச்சுன்னு குறிச்சு வைங்க. ரெஸ்டோர் பண்ண வண்டி விலைல இருந்து கழிச்சுக் கணக்குப் போடாதீங்க, அது வேற சந்தை, வேற ஆளுங்க. குறிச்சதுல நடு விலையை எடுத்து பேரத்துக்குக் கொஞ்சம் மேல வைங்க. மனசுக்குள்ள ஒரு கடைசி விலை முடிவு பண்ணி வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிருங்க, வாசல்ல ஆள் நோட்டை எண்ணும்போது மனசு இளகாம இருக்க அது உதவும். நீங்க செலவு பண்ண காசை விலைல ஏத்தாதீங்க, அதைப் பத்தி வாங்குறவருக்குக் கவலையே இல்ல.

சீசன் பாத்து விக்கணும். மார்ச், ஏப்ரல்ல வெயில் எட்டிப் பாக்கும்போது எல்லாருக்கும் பைக் ஆசை வரும். நவம்பர் மழைல விக்கப் போனா வர்றவன் எல்லாம் வியாபாரிதான்.

6. எங்க விக்கிறது

ஓட்டித் தேஞ்ச வண்டிக்கு என் முதல் சாய்ஸ் கிளப்தான். பிஎஸ்ஏ ஓனர்ஸ் கிளப், வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், இங்கெல்லாம் மெம்பர்களுக்கு விளம்பர வசதி உண்டு. கசியுற எஞ்சினைப் பாத்து பயப்படாத ஆளுங்க அங்கதான் இருக்காங்க. அங்க போகலன்னா ஈபே, கார் அண்ட் கிளாசிக் மாதிரி ஆன்லைன் இடங்க, ஆள் அதிகம், வெட்டிப் பேச்சும் அதிகம்.

ஏலம் எப்ப நல்லதுன்னா, அபூர்வ மாடலா இருந்தா, இல்ல வாரிசுங்களுக்குள்ள விலை விஷயத்துல சண்டை வராம இருக்கணும்னா. சாதாரண ஃப்ளாஷுக்கு கமிஷன், என்ட்ரி ஃபீ, வண்டியைக் கொண்டு போற செலவெல்லாம் போக ஒண்ணும் மிஞ்சாது. ஏலத்துல விட்டா ரிசர்வ் விலையை (இதுக்குக் கீழ விக்கக் கூடாதுங்கிற விலை) எழுத்துல வாங்குங்க. டீலர்கிட்ட கொடுத்தா ஒரே நாள்ல முடியும், ஆனா அவர் லாபம் உங்க பைல இருந்துதான் போகும். ஸ்டாஃபோர்ட் பழைய பைக் ஷோ, நெட்லி மார்ஷ் ஆட்டோஜம்பிள் (பழைய வண்டி, பார்ட்ஸ் சந்தை) மாதிரி இடத்துக்கு வண்டியையே தள்ளிட்டுப் போய் விலைச் சீட்டு தொங்க விடுறதும் நடக்குது, ஒரே நாள்ல நூறு பேர் பாப்பாங்க, சாயங்காலம் கூட்டம் கலையுற நேரத்துல வர்ற முதல் சல்லிசு விலைக்கு மட்டும் மடங்கிராதீங்க.

7. போட்டோ

மேகமூட்டமான நாள்ல வெளிய எடுங்க, வெயில்ல குரோம் மட்டும்தான் தெரியும். ரெண்டு பக்கமும் முழுசா, முன்னாடி, பின்னாடி, அப்புறம் கிட்ட இருந்து எஞ்சின் ரெண்டு பக்கம், டேங்க் உள்ள துரு இருக்கா இல்லையான்னு, செயின், டயர், ஸ்பீடோ. அடிபட்ட மட்கார்டு, வெல்டிங் போட்ட ஸ்டே, கசியுற ராக்கர் கவர், எல்லாத்தையும் தனியா எடுங்க. குறையைப் போட்டோல பாத்துட்டும் ஒருத்தர் நூறு மைல் தாண்டி வர்றார்னா அவர் வாங்கத்தான் வர்றார்.

பின்னணில வீட்டு நம்பர், தெருப் பேரு, கராஜ்ல நிக்கிற மத்த வண்டிங்க எதுவும் தெரியக் கூடாது. திருடனும் விளம்பரம் படிக்கிறான். வி5சியைப் போட்டோ எடுத்துப் போடவே கூடாது, அதுல 11 இலக்க டாக்குமென்ட் ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கு, லாக்புக் சம்பந்தப்பட்ட ஆன்லைன் வேலைக்கெல்லாம் சாவி அதுதான். ஃப்ரேம், எஞ்சின் நம்பர் போட்டோவை நிஜமா கேக்குறவருக்குத் தனியா அனுப்புங்க.

8. விளம்பரம் எழுதுறது

"நல்ல கண்டிஷன், பாத்தாத்தான் தெரியும், அவசர விற்பனை" இந்த மாதிரி வரிங்க எதையும் சொல்றதில்ல. என்ன இருக்கு, என்ன இல்ல, எது ஓடுது, எது ஓடல. இப்படி எழுதலாம்:

"பிஎஸ்ஏ ஏ10 கோல்டன் ஃப்ளாஷ், ஸ்விங்கிங் ஆர்ம். டிஏ10 எஞ்சின், ஜிஏ7 ஃப்ரேம், ரெண்டும் வி5சில இருக்கிறபடியே. டெஸ்பாட்ச் ரெக்கார்டு பாத்தாச்சு, கடிதம் இருக்கு. வாராவாரம் ஓடுது, குளிர்லயும் சூட்லயும் ஸ்டார்ட் ஆகுது. ராக்கர் கவர்லயும் பிரைமரி கேஸ்லயும் கசிவு உண்டு. டைனமோ சார்ஜ் பண்ணுது. பின் டயர் மாத்தணும். பெயிண்ட் பழசு, டேங்க் வலது பக்கம் சின்ன நசுங்கல். ஸ்பீடோ மாத்தினது, அதனால மைலேஜ் நம்ப வேணாம். ஸ்பேர் ஒரு பெட்டி கூட வரும்."

தனியார் விற்பனைல வண்டில ஒளிஞ்சிருக்கிற பழுதுக்கு கடைக்காரர் மாதிரி நீங்க பொறுப்பாக மாட்டீங்க, ஆனா நீங்க சொன்னபடி வண்டி இருக்கணும், பொய் சொல்லி வித்தா வாங்கினவர் கேஸ் போடலாம். ரசீதுல "பாத்தபடி வித்தது"ன்னு எழுதிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, பொய்யை அது காப்பாத்தாது. அதனாலதான் மைலேஜ் வரியை அப்படி எழுதச் சொன்னேன். எஞ்சின் ரீபில்டு பண்ணதுக்கு பில் இல்லன்னா "முந்தின ஓனர் சொன்னது"ன்னு எழுதுங்க.

9. போன் வர ஆரம்பிச்சதும்

நிஜ ஆளு கேள்வி கேப்பான். மேக்னெட்டோ யார் பண்ணது, கிராங்க் புஷ் மாத்தியாச்சா, டாப் கியர்ல இழுக்குதா. ஏமாத்துறவன் கேள்வியே கேக்க மாட்டான், முழு விலையும் தர்றேன்பான், நான் கடல்ல எண்ணெய்க் கிணத்துல வேலை பாக்குறேன், கொரியர் வந்து எடுத்துப்பாங்க, பேபால்ல அனுப்புறேன்பான். வண்டி விற்பனைக்கு பேபால் விக்கிறவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறதில்ல, அதனால அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. இப்ப இன்னொரு விதம், "வண்டி ஹிஸ்டரி ரிப்போர்ட் இந்த லிங்க்ல எடுத்து அனுப்புங்க"ன்னு கேட்டு உங்க கார்டைக் காலி பண்றது.

"கடைசியா எவ்ளோ"ன்னு போன்லயே கேக்குறவருக்கு ஒரே பதில்: வந்து பாருங்க, வண்டி பக்கத்துல நின்னு பேசுவோம்.

10. பாக்க வர்ற நாள்

வண்டியை முன்னாடியே சூடாக்கி வைக்காதீங்க. வந்ததும் முதல்ல எஞ்சின் மேல கை வைப்பார், சூடா இருந்தா ஏதோ ஒளிக்கிறீங்கன்னு முடிவு பண்ணிருவார். கராஜ்ல இருந்து வெளிய தள்ளி நிறுத்திருங்க, உள்ள என்னென்ன இருக்குன்னு அவர் பாக்கத் தேவையில்ல. அவர் முன்னாடி பெட்ரோல் டேப் திறந்து, டிக்லரை (கார்ப்பரேட்டர்ல பெட்ரோலை நிரப்புற சின்ன பட்டன்) அமுக்கி, உதைச்சுக் காட்டுங்க. பேப்பரையெல்லாம் தேதி வாரியா ஃபைல்ல அடுக்கிக் கைல கொடுத்துட்டு கொஞ்சம் சும்மா இருங்க. விக்கிறவங்க வாயாலயே விலை குறையுறதை நிறைய பாத்திருக்கேன், அவர் கவனிக்காத குறைக்கு இவரே காரணம் சொல்லி, தள்ளுபடியும் சொல்லி முடிச்சிருவார்.

டெஸ்ட் ரைடு பெரிய விஷயம். இந்த வண்டில சாவியே கிடையாது, மேக்னெட்டோல ஓடுறது, உதைச்சா கிளம்பிரும். அதனால முழுப் பணம் ரொக்கமா உங்க கைல இருந்தாத்தான் அவர் சீட்ல உக்காரணும். லைசென்ஸ்ல மோட்டார் சைக்கிள் கேட்டகிரி இருக்கா, அவர் இன்சூரன்ஸ் உங்க வண்டியை ஓட்ட கவர் பண்ணுதான்னு பாருங்க, நிறைய பாலிசில அடுத்தவங்க வண்டியை ஓட்ட அனுமதி இருக்காது. அது இல்லன்னா நீங்க ஓட்டுங்க, அவர் பின்னாடி கார்ல வரட்டும்.

ஓட்ட விட்டா கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியே ஆகணும்: கியர் வலது கால், பிரேக் இடது கால். அவர் தலையாட்டுவார். இன்னொரு தடவ சொல்லுங்க. புது வண்டி ஓட்டிப் பழகின கால் அவசரத்துல வலது பக்கம் மிதிக்கும், அங்க இருக்கிறது கியர் லிவர், வண்டி நிக்காது. முதல்ல காலியான இடத்துல ரெண்டு சுத்து சுத்தச் சொல்லுங்க.

11. பணம், பேப்பர்

பேங்க் டிரான்ஸ்ஃபர்தான் நல்லது. ஆனா புதுசா ஒருத்தருக்குப் பெரிய தொகை அனுப்பும்போது அவர் பேங்க் பிடிச்சு வைக்கலாம், அதனால முந்தின நாளே உங்க அக்கவுன்ட்டைச் சேர்த்து 1 பவுண்டு அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க. மறுநாள் மிச்சத்தை அனுப்பினதும் உங்க போன்ல, உங்க பேங்க் ஆப்ல பாருங்க. அவர் காட்டுற ஸ்கிரீன்ஷாட், வந்த எஸ்எம்எஸ் எதுவும் கணக்குல சேராது. ரொக்கம்னா உங்க பேங்க் கவுன்டர்லயே கொடுக்கச் சொல்லுங்க. பேங்கர்ஸ் டிராஃப்ட் போலியா வருது, காசு முழுசா ஏறுற வரைக்கும் வண்டியை நகர விடாதீங்க.

ரசீது ரெண்டு காப்பி. ரெண்டு பேர் பேரு, அட்ரஸ், தேதி, நேரம், விலை, ரிஜிஸ்ட்ரேஷன், ஃப்ரேம், எஞ்சின் நம்பர், சொன்ன குறைங்க, ரெண்டு கையெழுத்து. நேரம் எதுக்குன்னா, அன்னைக்கே அவர் வேகமாப் போய் கேமரால மாட்டினா நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

அவர் எதிர்லயே டிவிஎல்ஏ ஆன்லைன்ல வித்துட்டேன்னு பதிவு பண்ணுங்க, அந்த 11 இலக்க நம்பர் வேணும். பச்சை நியூ கீப்பர் சீட்டைக் கிழிச்சு அவர்கிட்ட கொடுங்க, மிச்சத்தை நீங்க அழிச்சுருங்க. முழு லாக்புக்கையும் கொடுத்து "நீங்களே அனுப்பிருங்க"ன்னு சொல்றதுதான் நான் பாக்குற பெரிய தப்பு, அவர் அனுப்பலன்னா வண்டி இன்னும் உங்க பேர்லதான், சொல்லாம விட்டா 1,000 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம். டாக்ஸும் சரி, ரோட்டுல ஓட்டலன்னு கொடுக்கிற சார்ன் பதிவும் சரி, புதுசா வாங்கினவருக்கு மாறாது. அவர் ஓட்டிட்டுப் போறதா இருந்தா பச்சைச் சீட்டுல இருக்கிற நம்பரை வச்சு அங்கயே டாக்ஸ் எடுத்துட்டுத்தான் கிளம்பணும்.

ஜெர்மனிக்கோ ஹாலந்துக்கோ போற வண்டின்னா முறை மாறும். லாக்புக்ல பெர்மனன்ட் எக்ஸ்போர்ட் பகுதியை நிரப்பி கிழிச்சு டிவிஎல்ஏக்கு அனுப்பணும், மிச்ச லாக்புக்கை வாங்கினவர்கிட்ட கொடுக்கணும், அங்க ரிஜிஸ்டர் பண்ண அது வேணும். பழக்கத்துல கிழிச்சுப் போட்டுறாதீங்க.

12. வேன்ல ஏத்துறது

பெட்ரோல் டேப்பை மூடுங்க, இல்லன்னா வழியெல்லாம் கார்ப்பரேட்டர் வழிஞ்சு வேன் நாறும். ராம்ப்ல ஏத்தும்போது ரெண்டு பேர் வேணும், ஏ10 கிட்டத்தட்ட 200 கிலோ. சைட் ஸ்டாண்டுல விட்டுக் கட்டக் கூடாது, நிமிர்த்தி வச்சு கீழ் யோக்ல (ஃபோர்க்கைப் பிடிச்சிருக்கிற கீழ் கவ்வி) இருந்து ரெண்டு பக்கமும் ஸ்ட்ராப் இழுத்து ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்குங்க. ஹேண்டில்பார்ல கட்டினா பார் வளையும், பாதி வழில உங்களுக்குத்தான் போன் வரும்.

ஸ்டார்ட் பண்ற முறையை ஒரு பக்கத்துல எழுதி ஃபைல்ல வச்சு அனுப்புங்க: டேப், டிக்லர் பெட்ரோல் கசியுற வரைக்கும், சோக், மெதுவா ரெண்டு தடவ சுத்தி கம்ப்ரஷன் பிடிச்சு அப்புறம் ஒரே உதை, சூடா இருந்தா டிக்லரைத் தொடாதே. எப்படியும் அடுத்த ஞாயித்துக்கிழமை "ஸ்டார்ட் ஆகல"ன்னு கூப்பிடுவார். பெட்ரோல் டேப் திறந்திருக்கான்னு முதல்ல கேளுங்க. இன்சூரன்ஸைக் கேன்சல் பண்ண மறந்துராதீங்க.